பக்கத்து நாற்காலி அக்காவுக்கு நன்றி

நேர்காணலுக்குக் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அக்காவின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவரும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார். தாளில் எழுதி வைத்த சுய அறிமுகத்தை நான் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "கொஞ்சம் சத்தமாகச் சொல்லும்மா, கேட்கிறேன்" என்றார்.

பிறந்த ஊர், பள்ளி, கல்லூரி, பொழுதுபோக்கு என்று 3 நிமிடம் ஓடியது. பொறுமையாகக் கேட்டார். "இதெல்லாம் அவர்கள் கையில் இருக்கிற பயோடேட்டாவிலேயே இருக்கே. இப்போது என்ன செய்கிறாய், எதை நன்றாகச் செய்தாய், இந்த வேலை ஏன் வேண்டும், அதைச் சொல். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை."

"கடின உழைப்பாளி" என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தார். "இதை எல்லோரும்தான் சொல்வார்கள். நீ உழைத்த ஒரு இடத்தைக் காட்டு." யோசித்தேன். பழைய வேலையில் ஸ்டாக் நோட்டை எக்செலுக்கு மாற்றியது, மாதக் கடைசியில் 2 நாள் இழுத்த கணக்கு அரை நாளில் முடிந்தது, இரண்டும் நினைவுக்கு வந்தன. சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அப்புறம் முக்கியமாக ஒன்று சொன்னார்: சொல்லி முடித்ததும் நிறுத்திவிடு, இழுக்காதே.

உள்ளே அப்படியே பேசினேன். அவர்கள் அடுத்துக் கேட்டதே அந்த எக்செல் பற்றித்தான். வேலை கிடைத்துவிட்டது.

போட்டிக்கு வந்தவளுக்கே சொல்லிக்கொடுக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! நான் வெளியே வந்தபோது உங்களை உள்ளே அழைத்திருந்தார்கள். காத்திருந்து நன்றி சொல்லாமல் கிளம்பிவிட்டேன். மன்னித்துவிடுங்கள் அக்கா. ரொம்ப நன்றி.