ஞாயிறு இசை கேட்பு: இந்த வாரம் பிலிப்பைன்ஸ்

நண்பர்களே, ஞாயிறு மாலை 6 மணிக்கு வழக்கம்போல் கூடுகிறோம். முதலில் இசையமைப்பாளர் நிகானோர் அபெலார்டோவின் குண்டிமான் பாடல் ஒன்று. குண்டிமான் என்பது மூன்று தட்டு நடையில் போகும் காதல் பாட்டு. சோகமாக ஒலிக்கும் மைனர் சுரவரிசையில் அழுதுகொண்டே தொடங்கி, பாதியில் மலர்ச்சியான மேஜர் சுரவரிசைக்கு மாறும். அந்தத் திருப்பத்தைத் தவற விடாதீர்கள்.

அப்புறம் இசையமைப்பாளர் ஹோசே மசேடா. பாரிசில் பியானோ பயின்றவர், பின்னாளில் ஒலிப்பதிவுக் கருவியுடன் மலைக்கிராமங்களைச் சுற்றினார். 1974 ஜனவரி 1 அன்று மணிலாவில் 'உக்னயன்' என்ற படைப்பை நிகழ்த்தினார். 20 தனித்தனிப் பதிவுகள், வெவ்வேறு வானொலி நிலையங்களில் ஒரே நேரத்தில். மக்கள் டிரான்சிஸ்டர்களோடு பூங்காக்களில் கூடினால்தான் இசை முழுமையாகும்! அதிபர் மார்க்கோசின் ராணுவச் சட்டக் காலம் அது. அரசு ஆதரவு இல்லாமல் இத்தனை நிலையங்கள் கிடைத்திருக்காது. எனக்கு அது கொஞ்சம் உறுத்தல்தான். பேசுவோம்.

உக்னயனில் வரும் கொலிதோங் என்ற கருவியைக் கவனியுங்கள். மூங்கில் குழாயின் தோலையே கீறி எழுப்பி, அதையே தந்தியாக்கி மீட்டுவார்கள்.

ஹெட்போன் கட்டாயம். போன் ஸ்பீக்கரில் மூங்கில் ஒலி தகர டப்பா மாதிரி கேட்கும். வருபவர்கள் சனிக்கிழமைக்குள் கைதூக்கிவிடுங்கள்.