உயிர்க்கரிக்குச் சான்று வழங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

உயிர்க்கரியின் தரத்தை வரையறுத்து, அதன்வழி காற்றிலிருந்து நீக்கப்படும் கரிமத்துக்குச் சான்று வழங்கும் அமைப்புகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கழித்துப் போட்ட சுள்ளிகளையும் அறுவடைக்குப் பின் எஞ்சும் தட்டைகளையும் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்கி, அந்த உயிர்க்கரியை மண்ணில் சேர்க்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அந்தப் பட்டறிவோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். செடி காற்றிலிருந்து எடுத்த கரிமம், கரியானபின் எளிதில் மட்காமல் மண்ணில் நெடுங்காலம் தங்குகிறது; அதற்கு நீங்கள் தரும் சான்று எங்களுக்குப் பணமாகிறது. ஒரு டன் கரி ஆக்கும்போது புவியைச் சூடாக்கும் மீத்தேன் வளிமம் எவ்வளவு வெளியேறியது, அந்தக் கரியில் எத்தனை பங்கு நூறாண்டு கடந்தும் நிலைக்கும், அது உண்மையிலேயே மண்ணுக்குள் போனதா என்றெல்லாம் உங்கள் விதிகள் நுணுக்கமாகக் கேட்கின்றன. இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கரி போய்ச் சேர்ந்த மண் அதன்பின் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு உங்கள் படிவங்களில் அநேகமாக இடமே இல்லை. என்னையும் நான் அறிந்த பலரையும் இந்த வேலைக்கு இழுத்து வந்தது அந்தக் கேள்விதான்.

இந்தத் துறையின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்தைச் சேர்ந்த மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1944–45ஆம் ஆண்டின் பஞ்சக் குளிர்காலத்தைச் சிறுவனாகக் கடந்தவர். முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் புல்பற்றையையும் எருவையும் கொட்டிக் கொட்டிக் கறுக்க வைத்த நிலத்தில் விளைந்ததே அந்த நாட்களில் அவர் குடும்பத்தின் பசியைத் தாங்கியது. பின்னாளில் அமேசான் படுகையில், வெளிறிய வளமற்ற மண்ணுக்கு நடுவே திட்டுத்திட்டாகக் கிடந்த கருமண்ணைக் கண்டபோது, அது மனிதக் கை பட்ட மண் என்பதை அடையாளம் காணும் கண் அவருக்கு ஏற்கெனவே வாய்த்திருந்தது. 1966இல் வெளியான அவருடைய ஆய்வு அந்த மண்ணை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. அங்கு வாழ்ந்த தொல்குடிகள் பல நூற்றாண்டுகளாகக் கரி, எலும்பு, உடைந்த மட்பாண்டம், கழிவு ஆகியவற்றைச் சேர்த்ததால் உருவான மண் அது. சுற்றியுள்ள நிலத்தைவிட எழுபது மடங்கு வரை அதிகமான கரி அதில் இருப்பதாக மண்ணியலாளர் புரூனோ கிளேசரும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் எழுதினார்கள். ஆக, மண்ணுக்கு உயிர் கொடுப்பது எப்படி என்ற தேடல்தான் முதலில் வந்தது. கரிமக் கணக்கு அதற்கு வெகுகாலம் கழித்தே வந்து சேர்ந்தது.

எல்லோரும் இந்த ஒரே வழியாக வந்தவர்கள் அல்லர். அடுப்புப் புகையைக் குறைக்க முயன்றவர்கள் சிலர். அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் ரீடு 1985 முதல் உருவாக்கி வந்த, மேலே பற்றவைத்து வளிமத்தை எரிக்கும் அடுப்பு, சமையல் முடிந்ததும் அடியில் சாம்பலுக்குப் பதிலாகக் கரியை விட்டுவைத்தது. அந்தக் கரியை என்ன செய்வது என்று யோசிக்கப் போய் மண்ணுக்கு வந்தவர்கள் உண்டு. காட்டுத்தீக்குத் தீனியாகும் காய்ந்த புதரை அகற்றப் போய், அதைக் குவித்து எரிப்பதைவிட நல்ல வழி தேடியவர்களும் உண்டு. வளிமண்டலத்தின் சூட்டை எண்ணித் தூக்கம் கெட்டு வந்த இளைஞர்கள் இப்போது அதிகம். அவர்களை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அவர்களும் ஓரிரு பருவம் இந்த வேலையில் நிலைத்தபின், டன் கணக்கைவிட மண்புழுவைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள்.

கரியாக்கும் இடத்தில் நடப்பதைக் கொஞ்சம் அருகில் நின்று சொல்கிறேன். கூம்பு வடிவக் கலனின் அடியில் நெருப்பு மூட்டி, காய்ந்த சுள்ளியை ஓர் அடுக்குப் பரப்புகிறோம். சுள்ளியிலிருந்து எழும் வளிமம் மேலே சுடராக எரிகிறது. அந்தச் சுடரே காற்றைக் கீழே விடாமல் தடுத்து, அடியிலுள்ள கரியைச் சாம்பலாகாமல் காக்கிறது. மேலடுக்கின் விளிம்பில் மெல்லிய வெண்ணீறு பூக்கத் தொடங்கும் நொடிதான் அடுத்த அடுக்கைப் போட வேண்டிய நொடி. முந்தினால் புகை கிளம்பும், பிந்தினால் கரி சாம்பலாகிவிடும். சுள்ளியில் ஈரம் இருந்தால், நீங்கள் அஞ்சும் மீத்தேன் அங்கேதான் பிறக்கிறது. கலன் நிறைந்ததும் நீர் விட்டு அணைக்கிறோம். ஆறிய கரியை அள்ளிக் கொட்டினால் கண்ணாடிச் சில்லுகள் உரசுவதுபோல் கலகலவென்று ஒலிக்க வேண்டும். விரலில் தேய்த்த கரி வெறும் நீரில் கழுவப் போய்விட வேண்டும். பிசுபிசுத்துச் சோப்புக் கேட்டால் உள்ளே தார் நிற்கிறது என்று பொருள். கரி நன்றாக வெந்ததற்கு அடையாளமாக, அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களுக்கும் கரிமச் சேர்மங்களிலுள்ள கரிம அணுக்களுக்கும் உள்ள விகிதம் 0.7ஐத் தாண்டவில்லை என்று உங்கள் ஆய்வகங்கள் உறுதி செய்வதற்கு முன்பே, இந்த ஒலியும் விரலும் எங்களுக்குப் பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகின்றன. ஆய்வகச் சோதனை வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. நச்சுச் சேர்மங்களைக் கண்டறிய அது கட்டாயம் தேவை. அந்த நெருப்பருகே நிற்பவரின் தேர்ச்சியும் தரத்தின் ஒரு பகுதி என்பதை உங்கள் விதிகள் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

என் முதல் பருவத்தில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆறிய கரியை அப்படியே தூளாக்கிப் பாத்தியில் கொட்டிக் கிளறினேன். மூன்று வாரத்தில் நாற்றுகள் வெளிறி மஞ்சளித்து நின்றன. வெறுங்கரி தன் நுண்துளைகளிலும் பரப்பிலும் மண்ணின் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதையும், அதை முன்கூட்டியே மட்கிலோ தொழுவுரத்திலோ சிறுநீரிலோ ஊறவைத்து ஊட்டம் ஏற்றிய பிறகே நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதையும் அந்த மஞ்சள் நாற்றுகளிடம்தான் கற்றேன். அடுத்த பருவத்தில் அதே பாத்தியில், மட்கோடு மூன்று மாதம் கிடந்த கரியைச் சேர்த்தேன். வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது, கரித்துண்டுகளைச் சல்லிவேர்கள் துளைத்துக்கொண்டு போயிருந்தன. உதறினாலும் துண்டு வேரை விட்டு விழவில்லை. அதைக் கையில் வைத்துப் பார்த்த அன்றுதான் இந்த வேலையை இனி விடமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

உங்கள் கணக்கில் அந்த இரண்டு பருவங்களும் ஒன்றுதான். இரண்டிலும் அதே அளவு கரிமம் மண்ணுக்குள் போனது, இரண்டுக்கும் அதே சான்று கிடைத்திருக்கும். ஒன்றில் பயிர் வாடியது, மற்றதில் தழைத்தது என்பது எங்கும் பதிவாகியிராது. இதில் எனக்கு உண்மையான அச்சம் இருக்கிறது. கரியை ஊட்டமேற்றாமல், மண்ணின் தன்மை பாராமல், இறக்கிவிட்டுப் படம் எடுத்து அனுப்பினாலே பணம் வரும் என்றால், நாளடைவில் அப்படித்தான் நடக்கும். நிலத்துக்காரர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை கரியைத் தன் வரப்புக்குள் விடமாட்டார்.

கரி எல்லா மண்ணிலும் ஒன்றுபோல் பலன் தருவதில்லை என்பதும் தெரிந்த செய்திதான். பல ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளிவந்த ஒரு பகுப்பாய்வின்படி, அமிலத்தன்மை மிகுந்த வளம் குன்றிய வெப்பமண்டல நிலங்களில் விளைச்சல் சராசரியாக 25 விழுக்காடு கூடியது. மிதவெப்ப நாடுகளின் வளமான நிலங்களில் சராசரியாக எந்தக் கூடுதலும் இல்லை. அப்படியானால் ஒரு டன் கரி எங்கே போகிறது என்பது சிறிய விஷயமா? அதே கரி ஓரிடத்தில் கரிமத்தை மட்டும் புதைக்கிறது. இன்னோரிடத்தில் கரிமத்தையும் புதைத்து ஒரு குடும்பத்தின் விளைச்சலையும் கூட்டுகிறது.

எதைக் கரியாக்குகிறோம் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. உயிர்க்கரியின் எல்லையைக் கணக்கிட்டு 2010இல் வந்த புகழ்பெற்ற ஆய்வு, உலகின் அந்நாளைய பசுங்குடில் வளிம வெளியீட்டில் 12 விழுக்காடு வரை ஆண்டுதோறும் ஈடுசெய்ய முடியும் என்று மதிப்பிட்டது. உணவு உற்பத்திக்கும் உயிரின வாழிடங்களுக்கும் மண் காப்புக்கும் ஊறு நேரக்கூடாது என்ற வேலியை முதலில் போட்டுவிட்டுத்தான் அந்த ஆய்வாளர்கள் கணக்கைத் தொடங்கினார்கள். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வேலியை விட்டுவிடுவோர் பெருகி வருகிறார்கள். கரிக்காகவே மரம் வெட்டுவதும், மண்ணை மூடிக் காக்க வேண்டிய தட்டையை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போவதும் உங்கள் சான்றின் நிழலில் நடந்துவிடக் கூடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு சான்றோடும் மண்ணைப் பற்றிய ஒரு பக்கத்தைக் கட்டாயமாக்குங்கள்: மண்ணின் அமிலநிலை என்ன, கரியில் எதனால் ஊட்டம் ஏற்றப்பட்டது, எவ்வளவு எந்த ஆழத்தில் சேர்க்கப்பட்டது, அடுத்த பருவத்தில் பயிர் எப்படி வந்தது என்று நிலத்துக்காரரே தம் மொழியில் எழுதிய பக்கமாக அது இருக்கட்டும். பயிர் பொய்த்ததை எழுதியவரின் சான்று பறிக்கப்படாது என்று வெளிப்படையாக உறுதி கொடுங்கள். இல்லையேல் எல்லாப் பக்கங்களிலும் பயிர் செழித்தே இருக்கும். ஒரே வகைக் கலனில், ஒரே மூலப்பொருளில், ஒரே முறையில் கரியாக்கும் சிறு குழுக்கள் மாதிரிகளைக் கூட்டாக ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கான வழி சில விதிகளில் மட்டுமே இருக்கிறது. அது எல்லோருக்கும் பொதுவானால், ஆண்டுக்குச் சில டன் மட்டுமே ஆக்கும் கைகள் ஆய்வகச் செலவு தாங்காமல் இந்த வேலையை விட்டு விலக நேராது.

உங்கள் திருத்த வரைவுகள் கருத்துக்காக வெளியாகும் நாட்களைப் பற்றியும் ஒரு சொல். கருத்துச் சொல்ல நீங்கள் தரும் சில வாரங்கள் பலமுறை அறுவடைக்குப் பிந்தைய வாரங்களாகவே அமைந்துவிடுகின்றன. தட்டை காய்ந்து கிடப்பதும், மழைக்கு முன் அதைக் கரியாக்கி முடிக்க வேண்டியிருப்பதும் அந்த வாரங்களில்தான். அடுத்த வரைவுக்கு ஒரு முழுப் பருவச் சுற்றை அவகாசமாகக் கொடுத்தால், நெருப்பருகே நிற்பவர்களும் உங்களுக்குப் பதில் எழுதுவார்கள். நானும் எழுதுவேன்.

மதிப்புடன்,
உயிர்க்கரி ஆக்குவோருள் ஒருவர்