கருங்காலி கேட்ட மகளுக்கு

முள்ளியவளை

அன்புள்ள மகளுக்கு,

தடித்த கம்பியில் தாழ்ந்த சுரம் வாசிக்கிற உன் பேஸ் கிற்றாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பிரெட்டுகளைப் பிடுங்கப் போகிறேன், கழுத்துக்குக் கருங்காலிப் பலகை அனுப்புங்கள் என்று நீ வட்ஸ்அப்பில் கேட்டதற்கு இரண்டு வரியில் பதில் போட்டால் பாதியைத்தான் வாசிப்பாய். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். தம்பி படம் பிடித்து அனுப்புவான்.

முதலில் நீ கேட்டதற்கு விடை. கருங்காலிப் பலகை அனுப்ப முடியாது. இங்கே கருங்காலி மரம் வெட்டத் தடை. பழைய உலக்கை ஒன்று கிடைத்து, அதை நான் சீவிக் கொடுத்தாலும், பார்சலில் ரொறன்ரோவுக்கு வந்து சேருமா என்பது சந்தேகம்தான். உனக்கு அது தேவையும் இல்லை. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் பேஸ் கிற்றாரின் கழுத்தில் இருப்பது ரோஸ்வூட் பலகை, இழையும் நேராக ஓடுகிறது. அதைக் கழற்றி எறிய எந்தத் தச்சனுக்கும் மனம் வராது. வீணையில் மெட்டு என்கிறோமே, அதே வேலையைச் செய்கிற பிரெட்டுகளை மட்டும் பிடுங்கினால் போதும்.

நீ அனுப்பிய வீடியோக்களை எல்லாம் பார்த்துவிட்டேன். பாட்டை விட மரத்தைத்தான் அதிகம் பார்த்தேன், மன்னித்துக்கொள். லியோ ஃபெண்டர் 1951இல் தன் பேஸ் கிற்றாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதற்கு பிரிசிஷன் என்று பெயர் வைத்ததே பிரெட்டை வைத்துத்தான். நிமிர்த்தி வைத்து வாசிக்கும், பிரெட் இல்லாத பெரிய டபிள் பேஸில் விரல் ஒரு நூல் பிசகினாலும் சுரம் பிசகும். இதில் பிசகாது. அவர் அவ்வளவு பாடுபட்டுப் போட்டதைப் பத்து வருடத்தில் இங்கிலாந்தில் ஒருவர் பிடுங்கிவிட்டார். பிறகு ரோலிங் ஸ்டோன்ஸில் வாசித்த பில் வைமன்தான் அவர். 1961இல் மலிவாக ஒரு பழைய பேஸ் வாங்கினார். பிரெட்டுகள் கடகடவென்று உதறின. புதியவை போடலாம் என்று எல்லாவற்றையும் கழற்றினார். கழற்றிய பிறகு வந்த சத்தம் பிடித்துப்போக அப்படியே விட்டுவிட்டார்.

ஜாஸ் இசைக்காரர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் கதைதான் உனக்கு மனப்பாடமே. 1962இல் செய்த, ஜாஸ் பேஸ் என்ற ஃபெண்டர் கிற்றார் ஒன்றின் பிரெட்டுகளை வெண்ணெய் பூசும் கத்தியால் பிடுங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். அவர் அந்தக் கதையை எப்போதும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை என்கிறார்கள். வெண்ணெய்க் கத்தியை நான் நம்பவில்லை. நம்பினாலும் நீ அந்த வழியில் போகாதே. ஆனால் பிறகு அவர் செய்தது நல்ல வேலை. பிரெட் இருந்த பள்ளங்களை மரமாவு வைத்து அடைத்து, பலகை முழுவதும் படகுக்குப் பூசும் எபொக்சிப் பிசினைப் பூசினார். காரணம் அவருடைய கம்பிகள். சுற்றுக் கம்பி வெளியே தெரியும் முரட்டுக் கம்பிகள் அவை. வெறும் மரத்தில் அவை அரம் மாதிரி ஓடும். எபொக்சி மரத்தையும் காத்தது, அந்தக் கண்ணாடிச் சத்தத்தையும் கொடுத்தது. 1976இல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டில் நீ கேட்கிற அந்தப் பாடும் குரலில் பாதி விரலுடையது, பாதி அந்தப் பூச்சுடையது என்று நினைக்கிறேன். அந்தக் கிற்றார் பிறகு துண்டு துண்டாக உடைந்து, ஒட்டப்பட்டு, 1986இல் நியூயோர்க்கில் களவும் போய், ஏறத்தாழ இருபது வருடம் கழித்து வெளியே வந்தது. ஒட்டியவனின் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேணும் போலிருந்தது.

இனி வேலை. கம்பிகளை முழுதாகக் கழற்று. பிரெட் ஒவ்வொன்றையும் சோல்டரிங் அயனால் சூடாக்கு. பழைய பசை இளகும், மரமும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பிறகு தட்டை வாய்க் குறடால் ஒரு ஓரத்தில் பிடித்து, இழுக்காமல், நெம்பி நெம்பி எடு. அவசரப்பட்டால் பள்ளத்தின் இரு கரையும் சிலும்பாகப் பெயர்ந்து வரும். பெயர்ந்ததை எறியாதே, சுப்பர் குளூவால் அதே இடத்தில் ஒட்டலாம். பள்ளம் அரை மில்லிமீற்றரை விடக் கொஞ்சம் அகலம் இருக்கும். அதற்குள் மெல்லிய மரச்சீவலை ஒட்டி நிரப்பு, மரமாவு வேண்டாம். வெளிர் நிற மரமாகப் பார், பிரெட் இருந்த இடம் கோடாகத் தெரியும். பள்ளங்களை வெறுமையாக விட்டுக் கம்பியை இழுத்துக் கட்டினால் கழுத்து முன்னுக்கு வளையும். பிரெட்டுகள் இவ்வளவு காலமும் ஆப்பு மாதிரி அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்திருந்தன என்பதை மறந்துவிடாதே.

எபொக்சி பூசுவதென்றால் யன்னலைத் திறந்து வை. முல்லைத்தீவுக் கரையில் பைபர் வள்ளத்துக்குப் பூசுவதைச் சின்னப்பிள்ளையில் பார்த்திருக்கிறாய். அந்த மணம் உனக்குத் தலையிடி. ஆனால் அந்தப் பிசின் வேறு, இது வேறு, கடையில் எபொக்சி என்றே கேட்டு வாங்கு. பூச விருப்பமில்லையென்றால் மழமழப்பான தட்டைக் கம்பி போடு, வெறும் மரத்திலேயே ஓடும். நான் என்றால் முதலில் அதைத்தான் செய்வேன்.

விரல் பழக்கமும் மாறும். இதுவரை பிரெட்டுக்குப் பின்னால் அழுத்தினாய். இனிக் கோட்டின் மேலேயே அழுத்த வேணும். கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் புள்ளிகளை நம்பாதே, அவை இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும்.

இப்போது எனக்குக் கொஞ்சம் உறுத்திய விஷயம். உன் இசைக்குழு ஆட்களிடம், எங்கள் ஊரில் சைக்கிள் டைனமோவில் பாட்டுக் கேட்டவர்கள், இப்படி உள்ளதை வைத்துச் சமாளிப்பது எங்கள் இரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னதாகச் சொன்னாய். கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன். போர் நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் கசெற் ஓடியது. சுற்றுகிறவன் களைத்தால் பாடகியின் குரல் பாடகரின் குரலாகிவிடும். சிரிப்போம். ஆனால் பற்றரி கிடைத்த அன்றைக்கே டைனமோவைக் கழற்றிவிட்டோம். அந்தச் சத்தம் வேணும் என்று அதை ஒருவரும் வைத்திருக்கவில்லை.

அமெரிக்கப் பாடகர் மார்க் சாண்ட்மன் வேறு ரகம், விரும்பியே குறைத்தவர். மோர்ஃபின் குழுவில் அவருக்குப் பேஸில் இரண்டே கம்பி, அதன் மேல் வழுக்கி ஓட ஒரு ஸ்லைடு, பக்கத்தில் பாரிட்டோன் சாக்ஸபோன், பின்னால் டிரம்ஸ். வழமையான கிற்றார் முன்னுக்கு நிற்கவேயில்லை. கடைக்குப் போய் நாலு கம்பியும் வாங்கியிருக்கக்கூடியவர். இரண்டு போதும் என்று நின்றார். 1999 ஜூலை 3ஆம் திகதி, ரோமுக்குப் பக்கத்தில் பலஸ்த்ரீனாவில் மேடையிலேயே விழுந்து இறந்தார் என்று வாசித்தபோது அன்று வேலை ஓடவில்லை. அவரோடு வாசித்துப் பழகிய கிரிஸ் பாலூ, சாதாரணக் கிற்றாரில் இரண்டு தடித்த கம்பியைப் போட்டு சியாட்டிலில் ஒரு குழுவையே நடத்தினார்.

பேஸ் வாசிக்கிற லெஸ் கிளேபூலின் வமோலா என்ற கருவியும் எனக்குப் பிடித்தது. ஒரே கம்பி, அதை டிரம்ஸ் தடியால் அடிக்கிறார், மற்றக் கையால் நெம்புகோலை அசைக்க சுரம் ஏறி இறங்குகிறது. கோவிலில் உடுக்கு அடிப்பவர் இடுப்புக் கயிற்றை நெரித்து விடுவதுபோலத்தான். மேளக்காரப் பெரியப்பாவுக்குக் காட்டினேன். மனுசன் சிரிக்கவேயில்லை, மூன்றுதரம் திருப்பிப் பார்த்தார். இன்னொரு பேஸ்காரர் ரோனி லெவின் விரல்களில் குச்சி கட்டி அடிப்பதும் பரவாயில்லை. சீப் ட்ரிக் குழுவின் ரொம் பீற்றர்சன் வைத்திருக்கும் பன்னிரண்டு கம்பிப் பேஸை மட்டும் எனக்கு விளங்கவில்லை. மும்மூன்றாக நாலு கட்டு. அவ்வளவு இழுவையை அந்தக் கழுத்து எப்படித் தாங்குகிறது என்றே பார்த்துக்கொண்டிருந்தேன், பாட்டு முடிந்துவிட்டது.

ஆகவே நீயே யோசி. பிரெட் தேய்ந்து கம்பி உதறுகிறது, புதுசு போடக் காசு கூட என்பதற்காகப் பிடுங்குகிறாய் என்றால் அது எங்கள் டைனமோ வேலை. அதற்குக் காசு நான் அனுப்புகிறேன், கடையில் கொடுத்துப் புதுப் பிரெட் போடு. அந்த வழுக்கும் சத்தம் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது என்றால் பிடுங்கு. வைமனும் உதறலில்தானே தொடங்கினார் என்று வாதாடுவாய். தொடங்கினார், சரி. திருப்பிப் போடாமல் விட்டது சத்தத்துக்காக.

பிடுங்குவதென்று முடிவெடுத்தால் ஒரு விஷயம். பிரெட் ஒரு மில்லிமீற்றர் அளவு உயரம். அது போனதும் கம்பி அவ்வளவு மேலே நிற்கும். கம்பி தங்கி நிற்கும் தலைப்பக்க நட்டையும் கீழ்ப் பாலத்தையும் இறக்க வேண்டிவரும். எதையும் சூடாக்குமுன் நட்டில் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து படத்தோடு அனுப்பு.

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறா. அடுத்த மாதம் அங்கே வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுவோம். என் சின்னச் சீவுளியும் வேணுமென்றால் சொல். கைப்பையில் கொண்டுபோக விடமாட்டார்கள், பெரிய பெட்டிக்குள் போட வேணும். அவர் பெட்டி கட்டுமுன் சொல்லிவிடு.

அன்புடன்
அப்பா