ஒருநாள் முகாம் வேண்டாம், வாரம் ஒரு பாடவேளை தாருங்கள்

திருநெல்வேலி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும்,

வணக்கம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். அதையொட்டி, மாணவரிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறு பற்றி அப்போது எல்லோரும் பேசினோம். கோபம் தலைக்கேறும் நிமிடத்தில் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் இன்னும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. பள்ளி ஆலோசனைப் பணியில் இருக்கும் நாங்கள் கேட்பது அதற்கான மீள்திறன் பயிற்சியை, அதாவது கோபத்திலிருந்து நிதானத்துக்குத் திரும்பும் பயிற்சியை.

காவல்துறை அதிகாரியின் உரை, உறுதிமொழி, குழுப்படம் என்று முடியும் முகாம் பயன் தராது. சிறைக்கு அழைத்துப்போய்ப் பயமுறுத்தும் திட்டங்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, கலந்துகொண்ட சிறாரிடம் குற்றம் குறையவில்லை, கூடியிருந்தது. ‘சேட்டைக்காரப் பயலுவ’ என்று பத்துப் பேரைப் பிரித்துத் தனியே உட்காரவைப்பதும் அப்படித்தான். ஒருவர் வீரத்தை ஒருவர் மெச்சிக்கொள்ளும் கூட்டமாக அது மாறிவிடும். பயிற்சி முழு வகுப்புக்கும் வேண்டும்.

6 முதல் 9ஆம் வகுப்பு வரை, வாரம் ஒரு பாடவேளை, 12 வாரம். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் போனால் கடைசி வரிசை வேடிக்கை பார்க்கும். முதல் 3 வாரம் உடம்பைக் கவனிக்கும் பழக்கம்: காது சூடாவது, பல்லைக் கடிப்பது, கை தானாக மடங்குவது. 4 எண்ணி மூச்சை இழுத்து, 6 எண்ணி விட வேண்டும், பத்து முறை. சண்டை மூண்ட பிறகு இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது. அமைதியான நாட்களில் பழகியிருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

அடுத்த 3 வாரத்தை அவசரப்பட்டு ஓட்டிவிடக் கூடாது. நம்மூர்ச் சண்டைகளில் பல ‘ஏம்ல மொறைக்க?’ என்ற கேள்வியில்தான் தொடங்குகின்றன. எதிரில் இருப்பவர் வேண்டுமென்றே செய்தார் என்று உடனே முடிவுகட்டும் பழக்கம், எளிதில் கைநீட்டும் பிள்ளைகளிடம் கூடுதல். தோளில் இடித்தது, டிபன் பாக்ஸ் விழுந்தது போன்ற காட்சிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் வேறு 3 காரணம் சொல்லவையுங்கள். முதலில் சிரிப்பார்கள், மூன்றாவது காரணத்துக்குத் திணறுவார்கள். அந்தத் திணறல்தான் பயிற்சி.

7 முதல் 9ஆம் வாரம் வரை, நாலுபேர் முன்னால் முகம் கெடாமல் விலகும் வழி. ‘பொறவு பேசுவோம்ல’ என்று சொல்லிவிட்டு நகர்வதை நடித்துப் பார்க்க வேண்டும். சுற்றி நிற்பவர்களுக்கும் வேலை உண்டு: ஒருவர் நண்பனைக் கூட்டிப்போக, ஒருவர் ஆசிரியரிடம் ஓட. வீடியோ எடுப்பவன் சண்டையை நீட்டிக்கிறான். உண்மையில் அடிவாங்கிய பிள்ளையை அடிவாங்குபவராக நடிக்க வைக்காதீர்கள். கடைசி 3 வாரம் மன்னிப்புக் கேட்பதும் உதவி கேட்பதும். பிறகு மாதம் ஒரு முறை நினைவூட்டல் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். சாதியின் பேரால் அவமதிக்கப்படும் பிள்ளையிடம் ‘பொறுத்துக்கோ, மனவலிமையை வளர்த்துக்கோ’ என்று சொல்ல இந்தப் பயிற்சியைப் பயன்படுத்தக் கூடாது. அங்கே வேண்டியது நடவடிக்கை. ஆசிரியர் பிரம்பை எடுக்கும் வகுப்பிலும் இது எடுபடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது.

வழக்கமாகக் கெடுவது ஒரே இடத்தில்: கணக்குப் பாடம் முடியவில்லை என்று இந்தப் பாடவேளையை எடுத்துக்கொள்வார்கள். அதனால் கால அட்டவணையிலேயே அச்சிட்டுவிடுங்கள். பயிற்சிக்கு 4 வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு தகராறுக்கும் இடம், நேரம், முந்தின நிமிடம் நடந்தது ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். தண்ணீர்க் குழாயடியா, கழிப்பறையா, சாயங்காலப் பேருந்து நிறுத்தமா என்று தெரிந்தால் அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்தலாம். 12 வாரம் முடிந்ததும் அதே நோட்டைப் பார்த்தால் பலன் தெரியும்.

ஜூனில் நோட்டு, ஜூலையில் வகுப்பு என்று தொடங்கினால் அரையாண்டுத் தேர்வுக்கு முன் 12 வாரமும் முடிந்துவிடும். பள்ளிக்கு இரண்டு ஆசிரியரைத் தெரிவுசெய்து அனுப்புங்கள்; அவர்களுக்குப் பயிற்சி தர நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
பள்ளி ஆலோசகர்கள்,
பாளையங்கோட்டை