ஆயர்மாருக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கையில இருக்கிற கத்தோலிக்க ஆயர் ஆண்டவர்மார் எல்லாருக்கும்,

நான் மட்டக்களப்பில ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிற ஆள். போன மாசம் வகுப்பு முடிய ஒரு தாய் வந்து கேட்டா, "டீச்சர், பொடியன் பீடத்தில உதவி செய்ய ஆசப்படுறான், அனுப்புறன், ஆனா ஏதும் ஒண்டு நடந்தா ஆரிட்டக் கா போய்ச் சொல்லுறது?" எண்டு. போன்ல பிரான்ஸ் நாட்டு அறிக்கைய பத்தி வாசிச்சிருக்கா. 2021இல வந்தது, 1950இல இருந்து குருமாராலயும் துறவிகளாலயும் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளான சிறுபிள்ளைகள் மட்டும் 216,000 பேர் அளவில இருக்கும் எண்டு மதிப்பிட்ட அறிக்கை. அவ கேட்ட கேள்விக்கு என்னட்ட பதில் இல்ல. இத்தின வருசமா கோயிலோடயே கிடக்கிற எனக்கே தெரியாட்டி அந்தப் புள்ளைக்கு எப்பிடித் தெரியும்? அதுதான் எழுதுறன்.

2019 மே மாசம் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு சட்டம் போட்டவர், உங்களுக்கு நல்லாத் தெரியும். ஒவ்வொரு மறைமாவட்டத்திலயும் ஒரு வருசத்துக்குள்ள சனம் சுகமா வந்து முறைப்பாடு குடுக்கிறதுக்கு ஒழுங்கு செய்யணும் எண்டு அதில இரிக்கு. விசாரணைய தடுத்த, மூடி மறைச்ச ஆயர்மாரயும் விசாரிக்கலாம் எண்டும் அதிலதான் இரிக்கு. அதே வருசம் டிசம்பரில இந்த வழக்குகளுக்கு இருந்த "பாப்பரசர் இரகசியம்" எண்ட, விசயத்த வெளியில சொல்லப்படா எண்ட பூட்டையும் அவரே எடுத்துப் போட்டார். அப்ப றோமில பூட்டு திறந்தாச்சு, எங்கட கோயில் வாசல் நோட்டீஸ் போட்டில பூசை நேரம் இரிக்கு, திருமண அறிவித்தல் இரிக்கு, முறைப்பாட்டுக்கு ஒரு போன் நம்பர் இல்ல. ஒழுங்கு செய்திருக்கிறீங்களெண்டா சந்தோசம், ஆனா தாய்மாருக்குத் தெரியாத ஒழுங்கு ஆருக்கு?

எனக்குக் கூடக் கோவம் வாறது பிழை செய்த குருவில மட்டும் இல்ல, தெரிஞ்சு கொண்டே அவர இடம் மாத்தின பெரியாக்களில. அமெரிக்காவில பொஸ்டனில ஒரு பாதர் மேல 130 பேருக்கு மேல குற்றம் சொன்னாங்க, அவர பங்கு பங்கா மாத்தி மாத்தி விட்டிருக்காங்க, போற பங்குச் சனத்துக்கு ஒரு சொல்லும் சொல்லாம. 2002 ஜனவரியில பத்திரிகையில வந்த மறுகாதான் உலகத்துக்கே தெரிஞ்சது. அங்க பேராயரா இருந்த கர்தினால் பேர்னார்ட் லோ அந்த வருசம் டிசம்பரில பதவி விலகினார், சரி, ஆனா 2004இல றோமிலயே ஒரு பேராலயத்துக்குப் பெரிய பொறுப்பு குடுத்திருக்காங்களே. அந்தப் பொடியன்மார்ர தாய்மார் அதப் பாத்து என்ன நினைச்சிருப்பாங்க எண்டு நினைக்க எனக்கு நெஞ்சு பத்துது.

இத ஏன் உங்களிட்டச் சொல்லுறன் எண்டா, உங்களுக்கு இந்த நியாயம் புதுசு இல்ல. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டு வெடிச்ச நாள் இஞ்ச சீயோன் தேவாலயத்தில எத்தின பிஞ்சுகளப் பறிகுடுத்தம். முன்கூட்டியே தகவல் வந்தும் ஒண்டும் செய்யாத ஆக்கள் பதில் சொல்லணும் எண்டு திருச்சபை விடாம நிண்டு கேட்டது, நாங்களும் மெழுகுதிரியோட நிண்டம். 2023 ஜனவரியில உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவ சொந்தக் காசில 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் குடுத்தது. குண்டு வச்சவர் எண்டில்ல, கடமையச் செய்யாம விட்டவர் எண்டு. அந்த அளவுகோலத்தான் நான் கேக்குறன். அரசாங்கத்துக்கு ஒரு அளவு, ஆயர் இல்லத்துக்கு ஒரு அளவு எண்டு இரிக்கேலா.

நான் குருமாருக்கு எதிரி இல்ல. 1988இல சந்திரா பெர்ணாண்டோ அடிகளார் இந்தச் சனத்துக்காகக் கதைச்சதுக்குச் சுடப்பட்டவர். எங்கட பொடியனுகளுக்கு பாஸ்கட்போல் பழக்கின ஹேபர்ட் பாதர் 1990இல காணாமப் போனவர்தான், இண்டைக்கும் தெரியா. அப்பிடியான ஆக்கள்ர பேரில நிக்கிற நம்பிக்கைய வச்சு இன்னொருத்தர மறைச்சா அது அவங்களுக்குச் செய்யிற துரோகம். சின்ன வயசில அம்மம்மா சொல்லுவா, சாமிமாரப் பத்திக் கதைச்சா பாவம் எண்டு. நானும் அத நம்பித்தான் வளந்தன், இண்டைக்கு என்ர வகுப்புப் புள்ளைகளுக்கு அப்பிடிச் சொல்ல மாட்டன்.

ஒவ்வொரு கோயில் வாசல்லயும் நம்பர் போடுங்க. போன எடுக்கிறது ஒரு பொம்புளையா, குருவோ சிஸ்டரோ இல்லாத ஆளா இரிக்கட்டும். முறைப்பாடு வந்தா அண்டைக்கே பொலிசுக்கும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கும் போகணும், "முதல்ல நாங்க உள்ளுக்குள்ள பாப்பம்" எண்ட கதையே வேணாம். விசாரணை முடியும் வரைக்கும் குற்றம் சொல்லப்பட்டவர் புள்ளைகள் இருக்கிற இடத்தில இரிக்கப்படா. இதுவரைக்கும் எத்தின முறைப்பாடு வந்தது, என்ன செய்தீங்க எண்டு புள்ளைகள்ர பேர் வராம வெளியில சொல்லுங்க, தெரிஞ்சும் இடம் மாத்தி விட்ட ஆயர் ஆராவது இருந்தா அவர் பதவிய விட்டு இறங்கணும்.

அந்தத் தாய்க்கு இப்போதைக்கு 1929 எண்ட அரசாங்க நம்பர எழுதிக் குடுத்திருக்கிறன். செப்டம்பரில ஆயித்தியமலை மாதா திருவிழாவுக்கு எல்லாப் பங்கிலயும் இருந்து புள்ளைகளக் கூட்டிக்கொண்டு நடந்து வருவாங்க, அதுக்கு முதல் உங்கட நம்பரும் அங்க தொங்கணும்.

இப்படிக்கு,
ஒரு மறைக்கல்வி டீச்சர், மட்டக்களப்பு