தீபாவளிக்குப் பிரியாணி வேண்டாம், மாதம் நூறு ரூபாய் கொடுங்கள்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர், செயலாளர், அப்புறம் நேற்று வாட்ஸப் குழுவில் கைகூப்பிக் கைகூப்பி எமோஜி போட்ட அத்தனை பேருக்கும்,

தீபாவளியை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை சென்னை கண்ணகி நகர்ப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் சார்பில் சிக்கன் பிரியாணி, ஸ்வீட் பாக்ஸ், ஒரு பேனர் என்று முடிவாகியிருப்பதாகப் பார்த்தேன். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருஷமாக அங்கே ஒரு சின்ன அறக்கட்டளையின் சமையல் கூடத்தில் வெங்காயம் உரிக்கப் போய்க்கொண்டிருக்கிறேன் என்ற உரிமையில் சொல்கிறேன், அந்தப் பிரியாணி வேண்டாம்.

போன தீபாவளி சமயத்தில் ஒரே ஞாயிற்றுக்கிழமை மூன்று கோஷ்டிகள் பிரியாணியோடு வந்து இறங்கினார்கள். யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. இரண்டாவது கோஷ்டிக்காகப் பிள்ளைகளை மறுபடி வரிசையில் உட்காரவைத்து, பொட்டலத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி போட்டோ எடுத்தார்கள். மூன்றாவது வேன் வந்தபோது ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் என் காதருகில் வந்து, "அண்ணே, சாம்பார் சாதம் இல்லையா?" என்றான். சிரித்துவிட்டேன். மறுநாளில்லை, அதற்கடுத்த நாள், செவ்வாய்க்கிழமை காலையில் சிலிண்டர் தீர்ந்து, மாற்று சிலிண்டருக்குப் பணம் இல்லாமல், அதே பையனுக்கு இரண்டு பிஸ்கட்டும் டீயும் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்பினோம். அப்போது சிரிப்பு வரவில்லை.

அரசாங்கம்தான் போடுகிறதே என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். போடுகிறது, நன்றாகவே போடுகிறது. 1956இல் காமராஜர் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு, முட்டையும் உண்டு. ஆனால் 2022இல் வந்த காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைக்குப் பசி போய்விடுமா என்ன? வளர்கிற வயசு, கூடத்தான் பசிக்கும். அந்த அறக்கட்டளை பார்ப்பது அந்த இடைவெளியைத்தான்: ஆறு முதல் பத்து வரை படிக்கும் தொண்ணூறு பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்களில் காலைச் சாப்பாடு. பொங்கல் என்றால் ஆறு கிலோ அரிசி, இரண்டு கிலோ பாசிப்பருப்பு. இன்னொரு நாள் ரவை உப்புமா, அதற்கு ஒரு சாம்பார். அவ்வளவுதான், பேனர் வைக்கிற மாதிரி ஒன்றுமில்லை.

இன்னொன்று, சொன்னால் கோபம் வரலாம். கூவம், அடையாறு கரைகளிலிருந்தெல்லாம் பெயர்த்து 2000த்துக்குப் பிறகு கண்ணகி நகரில் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் இவை. அந்த வீட்டு அம்மாக்களில் எத்தனை பேர் காலை ஆறரைக்கு நம் லிஃப்டில் ஏறி வீட்டு வேலைக்கு வருகிறார்கள் என்று கேட் ரிஜிஸ்டரைப் பாருங்கள். நம் வீட்டில் தோசை வார்க்கும் நேரத்தில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாததற்கு நாமும் ஒரு காரணம்.

சரி, கணக்குக்கு வருகிறேன். நாம் 240 வீடு. வீட்டுக்கு மாதம் நூறு ரூபாயைப் பராமரிப்புத் தொகையோடு சேர்த்து வாங்கினால் 24,000. சமைக்கும் இரண்டு அக்காக்களின் சம்பளம் 16,000, இரண்டு சிலிண்டர் நாலாயிரத்தை ஒட்டி, மிச்சத்தில் வாரம் ஒரு முட்டையும் கொஞ்சம் எண்ணெயும். அரிசி பருப்புக்கு ஆள் கிடைத்துவிடுகிறார்கள், கொடுத்தவர் கண்ணுக்குத் தெரியும் பொருள் அது. சிலிண்டருக்கும் சம்பளத்துக்கும்தான் யாரும் கிடைப்பதில்லை. விருப்பமில்லாதவர்கள் கொடுக்க வேண்டாம், கட்டாயம் ஆக்கினால் அதுவே ஒரு வழக்காகிவிடும், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா. பில் எல்லாவற்றையும் மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது என் பொறுப்பு.

ஞாயிறு கூட்டத்தில் இதைப் பார்க்கிங் விவகாரத்துக்கு முன்னால் எடுங்கள். பார்க்கிங் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் யார் காதிலும் எதுவும் ஏறாது.

சி பிளாக், மூன்றாவது மாடிக்காரன்