சட்டி வைக்காம ஒரு பலகாரம்

ஏய் நெட்டச்சி,

நல்லா இருக்கியா. அண்ணன், புள்ளைங்க எல்லாம் சௌக்கியமா. முட்டி வலிக்கு ஊசி போட்டுக்கிட்டேன்னு சொன்னியே, இப்ப மாடிப்படி ஏற முடியுதா இல்ல இன்னும் கைப்புடி சுவத்த புடிச்சுக்கிட்டுதான் ஏறுறியா. நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணையும் கேட்டேன்டி. பதில் பேசலாம்னு பட்டன அமுக்குனா ஒன்னு பின்னாடி அறுவடை மெஷின் சத்தம், இல்லன்னா அத்தை யாரு போன்லன்னு ரெண்டு ரூம் தள்ளி இருந்து கேக்குறாங்க, அதான் உக்காந்து டைப்பே பண்ணிடலாம்னு. ஹாஸ்டல் லீவுல இன்லேண்ட் லெட்டர்ல மடிச்சு ஒட்டுற எடத்தக்கூட விடாம எழுதுவோமே, அது மாதிரி நெனச்சுக்க.

இங்க அறுப்பு பாதி முடிஞ்சிருக்கு. இந்த வருஷம் சம்பா பரவால்ல, ஆனா தை பனி விடமாட்டேங்குது, நெல்லுல ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்கல்ல, அதனால இவரு காலைல எந்திரிச்சதுல இருந்து களத்துல நெல்ல கெளறி விடுறதும் ஒரு நெல்ல பல்லுல கடிச்சுப் பாத்துட்டு ம்ஹும்னு தலைய ஆட்டுறதுமா இருக்காரு. சாப்பாட்டுக்கு கூப்ட்டாகூட பல்லுல நெல்லு இருக்கு.

நீ கேட்ட ஆரஞ்சு சாக்லேட் டோனட் கதைக்கு வரேன். சும்மா படம் பாத்துட்டு எப்படி பண்ணுன எப்படி பண்ணுனன்னு கேட்டியே, அது நான் ஆசைப்பட்டு பண்ணுனது இல்லடி. ஆவணில பெரியவரு போனாருல்ல, இவரோட அண்ணன். பங்காளி வீடு, அதனால எங்களுக்கும் ஒரு வருஷம் நல்ல நாள் பெரிய நாள் எதுவும் கெடையாது. தீபாவளிக்கு ஒன்னும் பண்ணல. பொங்கலுக்கும் பானை வைக்கல. அத்தை கண்டிப்பா சொல்லிட்டாங்க, வீட்ல எண்ணெச் சட்டி வைக்கக் கூடாதுன்னு, பெத்த புள்ளைய குடுத்துட்டு உக்காந்திருக்குறவங்ககிட்ட என்ன பேச முடியும். ஒறமொறைலாம் அதிரசம் முறுக்குன்னு கொண்டாந்து குடுக்கத்தான் செஞ்சாங்க, அத்தை ஒன்னக்கூட தொடல.

இந்த நேரத்துலதான் பொண்ணு பேரன கூட்டிக்கிட்டு பொங்கல் லீவுக்கு வந்தா. அவனுக்கு ஆறு வயசு, துக்கமாவது தீட்டாவது. பக்கத்து வீட்ல பொங்கலோ பொங்கல்னு கத்துறாங்க, நம்ம வீட்ல ஏன் கத்தலன்னு கேட்டான். அப்பறம் அவனே ஒரு வழி சொல்றான், பாட்டி எனக்கு டோனட் பண்ணித் தா, அது பொங்கலுக்கு பண்றது இல்லல்லன்னு. வக்கீலுக்குத்தான் படிப்பான். நான் டோனட்னாலும் எண்ணெல பொரிக்கணுமேடான்னேன், அப்பதான் பொண்ணு இல்லம்மா ஓவன்ல வச்சும் பண்ணலாம்னா. எண்ணெ கொஞ்சம் மாவுல ஊத்துறதுதான், சட்டியே வேணாம். எனக்கு பளிச்சுன்னு இருந்துச்சு.

ஓவன்னா அவ வீடு மாத்துறப்ப கொண்டாந்து போட்டுட்டுப் போனதுதான். இத்தன நாளா அதுக்குள்ள அப்பளக் கட்டு வச்சிருந்தேன், எலி வராதுன்னு. சாக்லேட்டும் கொக்கோ பவுடரும் மார்கழில நீ அனுப்புன பார்சல்ல இருந்துச்சு, துக்கத்துக்கு வர முடியலன்னு அழுது அழுது போன் பண்ணிட்டு சாக்லேட் அனுப்புனவ ஒலகத்துல நீ ஒருத்திதான்டி. ஆரஞ்சு ஐயாறப்பர் கோயில் கடத்தெருவுல வாங்குனது. அந்த மூணும் ஒரே நேரத்துல கைல இருந்ததுதான் விஷயம், வேற பிளானு ஒன்னும் இல்ல.

மொத தடவ பண்ணுனத சொன்னா சிரிப்ப. ஆரஞ்சு வாசம் வரணும்ல, அதனால பாலுக்கு பதிலா அர கப்புக்கு மேல ஆரஞ்சு ஜூஸே ஊத்திட்டேன். டோனட் டின்லாம் ஏது, சின்ன மோர் கிண்ணத்துக்கு நடுவுல சில்வர் பேப்பர கட்டை மாதிரி சுருட்டி நிறுத்தி மாவ ஊத்துனேன், அது பாதில சாஞ்சு போச்சு. வெந்து வந்ததுல ஆரஞ்சும் இல்ல ஒன்னும் இல்ல, வெறும் புளிப்பு, உள்ள களி மாதிரி. இவரு ஒரு துண்ட எடுத்து பல்லுல கடிச்சுப் பாத்துட்டு "பதினேழுக்கு மேல இருக்கு, எடுக்க மாட்டாங்க"ன்னுட்டு களத்துக்குப் போயிட்டாரு. பெரியவரு போனதுக்கு அப்பறம் இவரு ஒரு கிண்டல் பண்ணி நான் பாத்தது அன்னிக்குத்தான்.

ரெண்டாவது தடவ வாசம் தோல்லதான் இருக்கும்னு தோணுச்சு, சரியாத்தான் தோணுச்சு, ஆனா நான் தோல முழுசா மிக்சில போட்டு அரைச்சுட்டேன். வெள்ளைப் பகுதி இருக்குல்ல உள்பக்கம், அது கசப்புடி, நார்த்தங்கா ஊறுகாய சாக்லேட்டுல முக்குன மாதிரி இருந்துச்சு. பேரன் துப்பிட்டான். இதுல நடுவுல கரண்ட்டும் போயிருச்சு, பாதி உப்புனது அப்படியே அமுங்கி தட்ட மாதிரி ஆயிருச்சு.

அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன், நமக்கு இது முன்னாடியே தெரியும்லன்னு. ஞாபகம் இருக்கா, தஞ்சாவூர் ஹாஸ்டல்ல ஞாயித்துக்கெழம உங்க அப்பா பார்க்க வரப்ப மஞ்சப் பைல கமலா ஆரஞ்சு கொண்டாருவாரே, நீ சொளைய தின்னுட்டு தோல என் கண்ணுல பிழிவியே, எரியும்ல. கார்த்திகைக்கு வராண்டாவுல அகல் வைக்கிறப்ப சுடருக்குப் பக்கத்துல தோல மடக்கிப் பிழிஞ்சா படபடன்னு பொறி பறக்குமே. அது எண்ணெ. தோலோட மேல்பக்கம் புள்ளி புள்ளியா குழி குழியா இருக்குறது பூராவும் எண்ணெப் பைதான், வாசம் அதுக்குள்ளதான் இருக்கு, ஜூஸுல இருக்குறது இனிப்பும் புளிப்பும்தான். எண்ணெச் சட்டி வைக்கக் கூடாதுன்ன வீட்ல நான் ஆரஞ்சு எண்ணெயத் தேடிக்கிட்டு இருந்தேன் பாரு.

மறுநாள் இஞ்சி துருவுற துருவியில மேல் தோல மட்டும் லேசா துருவுனேன். கமலா வேணாம், அது தோல் தொளதொளன்னு பிரிஞ்சு நிக்கும், துருவ வராது, கை வழுக்கி நகம்தான் போகும். ஸ்டிக்கர் ஒட்டி வர்ற ஆரஞ்சு இருக்குல்ல, தோல் ஒட்டிக்கிட்டு இறுக்கமா இருக்கும், அதுதான் தோது. ஆனா அதுல பளபளப்புக்கு மெழுகு தடவி இருப்பாங்க, சுடுதண்ணில நல்லா தேச்சு கழுவி தொடச்சுட்டு துருவு. ஒரே எடத்துல ரெண்டு தடவ துருவாத, வெள்ள தெரிஞ்ச ஒடனே பழத்த திருப்பிரு.

இப்ப கவனமா கேளு, மொத்த சூட்சுமமும் இங்கதான். ரெண்டு பழத்து துருவல சக்கரைல போட்டு வெரலால கசக்கணும், அர கப் சக்கரை. பிட்டுக்கு மாவு பெசறுவோம்ல அந்த மாதிரி, வெரல் நுனில. ரெண்டு நிமிஷத்துல சக்கரை ஈரமாயி ஆத்து மணல் மாதிரி புடிச்சா புடி நிக்கும், வெளிறுன மஞ்சளா நெறம் மாறும், அப்ப வருது பாரு ஒரு வாசம், கூடத்துல படுத்திருந்த அத்தை யாரு ஆரஞ்சு உரிக்கிறதுன்னு கேட்டாங்க.

மிச்சம் எல்லாம் சுலபம்தான். ஒரு கப் மைதா, கால் கப் கொக்கோ பவுடர், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு, இதெல்லாம் சேத்து சலிச்சு வச்சுக்க, சலிக்காம போட்டா கொக்கோ உருண்டை உருண்டையா நிக்கும். தனியா அர கப் தயிரு, கால் கப் எண்ணெ, கால் கப் ஆரஞ்சு ஜூஸு, அந்த கசக்குன சக்கரை எல்லாம் போட்டு அடிச்சுக்க. அத்தை முட்டை தொட மாட்டாங்க அதனால தயிரு, தயிரு புளிப்பும் ஜூஸு புளிப்பும்தான் சோடாவ பொங்க வைக்கிறது. இதுல ஒரு ஸ்பூன் காபி டிகாஷன் ஊத்துனேன், காலைல பில்டர்ல மிச்சம் இருந்தது, கெட்டியானது. காபி ருசி தெரியாது ஆனா சாக்லேட்டுக்கு ஒரு அழுத்தம் குடுக்கும், இத எந்த வீடியோ பாத்தும் பண்ணல, கொட்ட மனசு வராம ஊத்துனது. அப்பறம் மாவ அதுல கொட்டி கரண்டியால பொரட்டி விடு, அவ்ளோதான், மாவு மறைஞ்ச ஒடனே கைய எடுத்துரு. அடிச்சுக்கிட்டே இருந்தேன்னு வையி மைதால இழுப்பு வந்து பரோட்டாவாயிரும்.

இதுக்குள்ள பொண்ணு டோனட் டின் ஒன்னு ஆர்டர் போட்டு வந்திருச்சு, ஆறு குழி, நடுவுல குமிழ் குமிழா. முக்காக் குழிதான் ஊத்தணும், ரொம்ப ஊத்துனா நடு ஓட்டை மூடிக்கும். ஓவன 180ல பத்து நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணிட்டு வைக்கணும், பன்னெண்டு நிமிஷம்னு சொல்றாங்க, இங்க சாயங்காலம் மோட்டார் போட்டா வோல்டேஜ் எறங்கிரும் எனக்கு பதினஞ்சு ஆச்சு. நடுவுல கதவ தொறந்து பாக்காத. பல்லு குத்துற குச்சிய விட்டுப் பாரு, ஒட்டாம வந்தா எடுத்துரு. சூட்டோட கவுத்தா பிஞ்சுரும், அஞ்சு நிமிஷம் விட்டு கவுத்து.

மேல ஊத்துற சாக்லேட்டுலயும் ஒரு கூத்து. அடில தண்ணி கொதிக்க விட்டு மேல கிண்ணம் வச்சு உன் சாக்லேட்ட உருக்குனேன், ஆரஞ்சு வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமேன்னு ஒரு ஸ்பூன் ஜூஸ் விட்டேன் பாரு, பாத்துக்கிட்டு இருக்கப்பவே திரிதிரியா கட்டிக்கிட்டு சேறு மாதிரி ஆயிருச்சு, எனக்கு வயித்தெரிச்சல், நீ அனுப்புன நல்ல சாக்லேட்டு. உருகுன சாக்லேட்டுல ஒரு சொட்டு தண்ணி பட்டா இப்படித்தானாம். ஆனா வேடிக்கை என்னன்னா கொஞ்சம் தண்ணி பட்டாதான் கெடும், நெறைய விட்டா சரியாயிரும். பொண்ணு சொல்லி சூடா பால ஒவ்வொரு ஸ்பூனா விட்டு கலக்குனேன், நாலாவது ஸ்பூன்ல மறுபடி பளபளன்னு வழுக்கிக்கிட்டு வந்திருச்சு. டவுன்ல முன்ன ஒரு பேக்கரில சாக்லேட்டுன்னு ஒன்னு வெட்டிக் குடுத்தாங்க, அது கொக்கோ வெண்ணெய்க்கு பதிலா டால்டா மாதிரி கொழுப்பு போட்டது, மெழுகுவத்திய தின்ன மாதிரி மேலண்ணத்துல ஒட்டும், அத வாங்கிராத.

உண்மைய சொல்லணும்னா இது கடை டோனட் இல்லடி. அது ஈஸ்ட் போட்டு பொங்க வச்சு எண்ணெல பொரிக்கிறது, இது ஓட்டை போட்ட கேக்கு. ஆனா நல்லா இருந்துச்சு. பேரன் ரெண்டு தின்னான், கன்னத்துல காதுல எல்லாம் சாக்லேட்டு. நீ மட்டும் ஒன்னு பண்ணி அர துண்டு தின்னு, சுகர் மாத்திரை இப்பதான் கூட்டுனாங்கன்ன, பெரிய இவ மாதிரி டேஸ்ட் பாக்குறேன்னு மூணு உள்ள தள்ளாத.

அத்தைக்கு தட்டுல ஒன்னு வச்சேன். சட்டி வைக்கலல்லன்னு கேட்டாங்க. இல்ல அத்தை, இட்லி மாதிரி பொரிக்காம வெந்ததுதான்னேன். என்னத்தயாவது சொல்லு போன்னுட்டு தட்ட நவுத்தி வச்சுட்டாங்க. நான் ஒன்னும் வற்புறுத்தல. ராத்திரி கூடத்துல லைட்ட நிப்பாட்டப் போனா பெரியவரு படத்து முன்னாடி வாழை எலக் கிழிசல்ல அந்த டோனட் இருக்கு, பாதிதான் இருக்கு, எறும்பு வரிசை கட்டி ஏறிக்கிட்டு இருக்கு. மிச்ச பாதி என்னாச்சுன்னு நான் கேக்கல.

காலைல காபி குடிச்சுக்கிட்டே அத்தையே ஆரம்பிச்சாங்க. "நடுவுல எதுக்கு அவ்ளோ பெரிய ஓட்டை, மாவு மிச்சம் புடிக்கிறியா"ன்னு. ஓட்டை இல்லன்னா நடுவுல வேகாது அத்தை, சுத்தி காஞ்சு போயிரும்னேன். "வடைக்கு நான் போடாத ஓட்டையா"ன்னாங்க. அதுக்கு மேல பேச்சே இல்ல. ஆனா அடுத்த ஞாயித்துக்கெழம ஆரஞ்சு வாங்கியாந்தியான்னு இவருகிட்ட கேட்டிருக்காங்க.

அப்பறம் முக்கியமான விஷயம், கொக்கோ பவுடர் தீந்துருச்சு, இன்னொரு பாக்கெட் அனுப்பு. காசு ஜிபேல போடுறேன், வேணாம்னா அடிப்பேன். இவரு வேற உன்கிட்ட ஒன்னு கேக்க சொன்னாரு, பொள்ளாச்சி பக்கம் தென்னந்தோப்புல ஊடால கொக்கோ போடுறாங்கல்ல, கன்னு எங்க கெடைக்கும், நெழல் எவ்ளோ வேணும்னு விசாரிச்சு சொல்லுவியாம். படுகைல நிக்கிற இருபது தென்னைக்கு நடுவுல ரெண்டு கன்னு வச்சுப் பாக்கணுமாம். நெல்ல கடிக்கிற மனுசன் இப்ப கொக்கோ கொட்டைய கடிக்கப் போறாரு போல.

ஆவணில வருஷம் கழியுது. அண்ணனையும் கூட்டிக்கிட்டு வா, சட்டி வச்சு உனக்கு புடிச்ச சுழியம் சுட்டுத் தரேன். முட்டிக்கு தைலம் தேய்க்க மறக்காத.

உன்
குட்டச்சி